சிறு மரச்சித்திரங்களுக்கு அலங்காரச் சட்டம் அமைத்தல்

காகிதத்தில் எழுதிய படத்துக்குச் சட்டம் போடுவதும் மரத்தில் அமைந்த சித்திரத்துக்குச் சட்டம் போடுவதும் ஒரே வேலைதான் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் ஐப்பசி முதல் மார்கழி வரை அடைமழையும், வைகாசி ஆனி மாதங்களில் உலர்ந்த மேல்காற்றும் மாறி மாறி ஆட்சி செய்கின்ற காவிரிப் படுகையின் கடற்கரை ஓரத்தில், காரைக்கால் போன்ற ஓர் ஊரில், இவ்விரண்டையும் ஒரே முறையில் செய்து சுவரில் மாட்டிய வீடுகளுக்குச் சென்று பார்த்தால், நடுவே பிளந்த பலகைகளும், வாய் திறந்த சட்ட மூலைகளும், பொன்தகடு உதிர்ந்த தெய்வ உருவங்களும் அந்த எண்ணம் எத்தகைய நஷ்டத்துக்கு இடமளித்தது என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டும். ஆகையால் இந்த அத்தியாயத்தில் அலங்காரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த அலங்காரத்தைத் தாங்கப்போகிற மரத்தின் சுபாவத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. அவசரப்படுகிற வாசகர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லாமலிருக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

மரம் வெட்டுண்டு எத்தனை ஆண்டுகள் ஆனாலும், காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதையும் திருப்பி விடுவதையும் அது நிறுத்துவதில்லை. நார் ஓடுகிற திசையில் அதன் நீளம் ஏறக்குறைய மாறுவதேயில்லை. நாருக்குக் குறுக்கே, அகலத்தில்தான் அது விரிந்து சுருங்குகிறது. நன்றாகப் பதப்பட்ட தேக்கை எடுத்துக்கொண்டால், அதன் ஈரம் நூற்றுக்கு ஆறு பங்கு ஏறும்போது, ஆண்டு வளையங்களைத் தழுவினாற்போல் அறுத்த பலகை குறுக்கே நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு விரியும். வளையங்களுக்குச் செங்குத்தாக அறுத்த பலகை அதில் பாதியளவே விரியும். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பலகையில் இது 2 மில்லிமீட்டர்வரை வரும். 2 மில்லிமீட்டர் என்பது கண்ணுக்குச் சிறிய அளவாகத் தோன்றலாம். ஆயினும் ஈரத்தில் ஊறிய மரம் விரியும்போது செலுத்துகிற பலத்தைத் தடுக்கும் சக்தி ஒரு சாதாரணச் சட்டத்துக்குக் கிடையாது. காய்ந்த மர ஆப்பைப் பாறையின் துளையில் அடித்துத் தண்ணீர் ஊற்றிப் பாறையைப் பிளக்கும் பழைய யுக்தியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சட்டம் இறுகப் பிடித்தால் சட்டம் உடையும். சட்டம் வலுவானதாக இருந்துவிட்டால் சித்திரம் வளையும். ஆணி அடித்துச் சித்திரத்தை அசையவிடாமல் செய்தால், காற்றுக்காலத்தில் சுருங்க முயலும் பலகை ஆணிக்கும் ஆணிக்கும் இடையே நடுவில் பிளந்துகொள்ளும். எனவே, மரச்சித்திரத்தின் சட்டம் அந்தச் சித்திரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆனால் நெருக்கக் கூடாது என்பதை எல்லாவற்றுக்கும் முதலான விதியாகக் கொள்ள வேண்டும்.

இதிலிருந்தே, சித்திரத்தைச் சட்டத்தில் பொருத்துவதற்கு எந்த மாதம் உகந்தது என்ற கேள்வியும் எழுகிறது. கார்த்திகை மாதத்தில், மரம் தன் முழு அகலத்துக்கு ஊறி நிற்கும்போது அளவெடுத்துப் பொருத்தினால், ஆனியில் அது சுருங்கி, சட்டத்தின் ஓரத்தில் வெளிச்சம் புகும் இடைவெளி தெரியும். ஆனியில், மேல்காற்றில் உலர்ந்து ஒடுங்கியிருக்கும்போது இடைவெளியின்றிப் பொருத்தினாலோ, அடுத்த மழைக்காலத்தில் மூலைகள் தெறிக்கும். மழை ஓய்ந்து பனியும் தணிந்துவருகிற மாசி மாதம், இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே அமைந்தது. தை பிற்பாதி முதல் பங்குனிவரை இந்த வேலைக்கு ஏற்ற காலம் என்பது என் அபிப்பிராயம். வேறு மாதத்தில் செய்தே தீரவேண்டிய அவசியம் நேர்ந்தால், மழைக்காலத்தில் பொருத்தும்போது சட்டத்தின் உதடு சித்திரத்தின் ஓரத்தைச் சற்று அதிகமாக மூடும்படியும், காற்றுக்காலத்தில் பொருத்தும்போது பக்க இடைவெளி சற்று அதிகமாக இருக்கும்படியும் அமைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்து வீடுகளில் சட்டம் வேண்டி நிற்கும் சிறு மரச்சித்திரங்கள் பெரும்பாலும் மூன்று வகைப்பட்டவை. முதலாவது, தஞ்சாவூர்ப் பலகைப் படம். மராட்டிய அரசர்கள் காலத்தில் வளர்ந்து, 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் ஆதரவில் சிறப்புற்ற இந்தக் கலையில், பலாப்பலகையின்மேல் துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணத்தூளும் பசையும் கலந்த பூச்சைப் பூசி, நகைகளும் தூண்களும் வளைவுகளும் மக்கினால் மேடாக எழும்பும்படி செய்து, கற்களைப் பதித்து, பொன்தகட்டை ஒட்டி, கடைசியில் வண்ணம் தீட்டுவார்கள் என்பதைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். இக்காலத்தில் பலாவுக்குப் பதிலாக ஒட்டுப்பலகையே மிகுதியாக வழங்குகிறது. ஒட்டுப்பலகை குறுக்கே விரிவது மிகவும் சொற்பமாகையால், அத்தகைய படத்துக்குச் சட்டம் போடுகிறவருக்குப் பாதிக் கவலை குறைந்தது. பாட்டனார் காலத்துப் பலாப்பலகைப் படமாயின் முழுக் கவலையும் அவரைச் சாரும். இரண்டாவது வகை, அரும்பாவூரிலும் தம்மம்பட்டியிலும் வாகை, தூங்குமூஞ்சி முதலிய மரங்களில் குடைந்து செய்யும் புடைப்புச் சிற்பங்கள். இவற்றுள் ஒரு சாண் அளவுள்ள சிறியவை பூஜை அறைகளிலும் கூடங்களிலும் இடம்பெறுகின்றன. மூன்றாவது, மரப்பலகையில் செதுக்கிய எழுத்துக்களும் சின்னங்களும். மஸ்தான் சாகிப் தர்காவும் மாதா கோவிலும் அம்மையார் கோவிலும் ஒரே ஊரில் விளங்குகிற காரைக்காலில், அரபு எழுத்துக்கள் பொறித்த பலகைக்கும், சிலுவையோ மாதாவோ செதுக்கிய பலகைக்கும், விநாயகருக்கும் சட்டம் அமைக்கத் தெரிந்தவனே முழுத் தச்சன் எனலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. பழைய தேர்களிலிருந்து கழன்றவை என்று சொல்லி இலுப்பை மரச் சிற்பத் துண்டுகளைச் சிலர் விலைக்குக் கொண்டுவருவதுண்டு. தேர் கோவிலுக்குச் சொந்தம்; அதன் அங்கமும் கோவிலுக்கே சொந்தம். மேலும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பமும் சித்திரமும் தொல்பொருள்களாகும். அவற்றைத் தனிமனிதர் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். வந்த வழி தெளிவாகத் தெரியாத எந்தச் சிற்பத்துக்கும் சட்டம் போட்டுக் கொடுக்கும் வேலையை ஏற்காதீர்கள். வீட்டிலேயே பரம்பரையாக இருந்துவரும் பழைய பொருளுக்குச் சட்டம் அமைப்பதானால், அதைத் துளைக்கவோ, இழைக்கவோ, ஓரத்தைச் சீராக்குவதற்காக அறுக்கவோ, பளபளப்புக்காக அதன்மேல் எதையும் பூசவோ கூடாது. கோணலான பழைய பலகைக்குச் சட்டம்தான் வளைந்துகொடுக்க வேண்டும்.

இனி, சட்டத்துக்கு ஏற்ற மரம் எது என்று பார்ப்போம். தேக்கு உத்தமம் என்பதில் ஐயமில்லை. அதிலுள்ள எண்ணெய்ப் பசையால் கறையான் அதை எளிதில் நாடுவதில்லை. விரிதலும் சுருங்குதலும் மற்ற மரங்களைவிடக் குறைவு. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற தேக்கு உத்திரங்களும் கதவுச் சட்டங்களும், எத்தனையோ மழைகளையும் கோடைகளையும் கண்டு பதப்பட்டவையாகையால், புதிதாக அறுத்த தேக்கைவிட மேலானவை என்றே சொல்வேன்; அவற்றை இழைப்பதற்குமுன் காந்தத்தைக்கொண்டு உள்ளே முறிந்துகிடக்கும் இரும்பாணிகளைத் தேடி எடுத்துவிட வேண்டும், இல்லாவிடில் இழைப்புளியின் வாய் போய்விடும். ஆனால் தேக்கு கிடைக்கவில்லை என்பதற்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. நம் வாய்க்கால் கரைகளிலும் வேலியோரங்களிலும் தானாகவே தழைத்துநிற்கும் பூவரசு, கடற்காற்றுக்கும் உப்புநீருக்கும் அஞ்சாத மரம். அதன் வைரம், கருஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த நிறத்தோடு, மெருகேற்றினால் நூக்கமரத்துக்கு நிகராக விளங்கும். சிறு சட்டத்துக்கு வேண்டிய குறுகிய நீளங்கள் அதில் தாராளமாகக் கிடைக்கும். இந்த மண்ணின் சித்திரத்துக்கு இந்த மண்ணின் மரமே சட்டமாவது எவ்வளவு பொருத்தம் என்று எண்ணிப் பார்க்கும்போது, தொலைதூரத்து மரங்களுக்குக் கொடுக்கிற கௌரவத்தில் ஒரு பங்கையாவது பூவரசுக்குக் கொடுக்க மாட்டோமா என்று தோன்றுகிறது. வேம்பும் பூச்சிக்கு இடங்கொடாது. ஆனால் அதன் நார் ஓட்டம் பின்னிக் கிடப்பதால் நுண்ணிய கொடிவேலைக்குச் சிரமம் தரும். மாவும் வாகையின் வெளிறும் விரைவில் உளுத்துப்போகும்; அவற்றைச் சட்டத்துக்கு எடுக்காமலிருப்பது நல்லது.

எந்த மரமானாலும் பதம் பார்த்தே எடுக்க வேண்டும். புயலில் சாய்ந்த மரம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் பச்சையாகவே அறுத்து இழைத்துவிடுவது நம் கடற்கரையில் வழக்கமாகக் காணும் பிழை. அறுத்த துண்டுகளை நிழலில், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாதபடி இடையிடையே சிறு குச்சிகள் வைத்து அடுக்கி, கடையில் உள்ள சிறு தராசில் வாரத்துக்கு ஒருமுறை ஒரே துண்டை நிறுத்து எழுதிவர வேண்டும். எடை குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் வாரத்துக்கு வாரம் மாறாமல் நிற்குமானால், மரம் ஊர்க்காற்றோடு சமரசம் செய்துகொண்டது என்று அறியலாம்.

அளவெடுப்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். 20 சென்டிமீட்டர் உயரமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பலகைப் படம், நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது என்று கொள்வோம். சட்டத்தின் பின்புறத்தில் உள்விளிம்பை ஒட்டிப் பலகை உட்காருவதற்கென்று வெட்டும் படியின் அகலம் 6 அல்லது 7 மில்லிமீட்டர் இருக்கட்டும். மாசி மாதத்தில் பொருத்துவதானால், இடப்பக்கமும் வலப்பக்கமும் பலகைக்கும் படியின் சுவருக்கும் இடையே ஒன்றரை மில்லிமீட்டர் விட வேண்டும்; மேலும் கீழும் அரை மில்லிமீட்டர் போதும். நார் குறுக்கே ஓடினால் இந்தக் கணக்கு அப்படியே மாறும். ஆகவே முதலில் பலகையின் பின்பக்கத்தைத் திருப்பி, நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்காமல் அளவுகோலைக் கையில் எடுக்கவே கூடாது. அந்த ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி, முன்னால் தெரிகிற சட்ட உதட்டின் மறைவில் அடங்கிவிடும்.

மூலைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு சட்டத்தின் ஆயுள் முழுவதும் அதன் நான்கு மூலைகளில்தான் இருக்கிறது. இக்காலத்தில் எல்லோரும் கையாளும் 45 பாகைச் சாய்வெட்டு, பார்வைக்கு லட்சணமானது. செதுக்கிய கொடி மூலையில் திரும்பி ஓடுவதற்கு அதைவிட ஏற்றது இல்லை. ஆனால் அது நம் சீதோஷ்ணத்தில் துன்பப்படும். சட்டத்தின் ஒவ்வொரு கையும் அகலத்தில் விரிந்து சுருங்கும்போது நீளத்தில் மாறாமலிருப்பதால், சாய்வெட்டின் கோணம் சிறிது மாறுகிறது: மரம் காய்ந்தால் உள்மூலை வாய் திறக்கும், மரம் ஊறினால் வெளிமூலை வாய் திறக்கும். சட்டத்தின் கை அகலமாக ஆக, இந்தத் திறப்பும் பெரிதாகும். ஆகவே அகலமான சட்டம் வேண்டும் என்று விரும்புகிறவர்கள் ஒரே அகலப்பலகையில் அதைச் செய்யாமல், 3 சென்டிமீட்டருக்கு மேற்படாத வெளிச்சட்டம் ஒன்றும், அதற்குள் அடங்குகிற மெல்லிய உட்சட்டம் ஒன்றுமாக, இரண்டைத் தனித்தனியே செய்து ஒன்றுக்குள் ஒன்று அமைத்தால், ஒவ்வொன்றின் அசைவும் தன் அளவில் அடங்கிவிடும். இரண்டுக்கும் வெவ்வேறு அலங்காரம் செய்யவும் வசதி உண்டாகும்.

எதிரெதிர்க் கைகள் இரண்டும் மயிரிழை வித்தியாசமின்றி ஒரே நீளமாக இருந்தாலன்றி நான்காவது மூலை மூடாது. ஆகையால் இரண்டிரண்டாகச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் இழைத்துச் சரிசெய்ய வேண்டும். சாய்வெட்டின் முகம் நாரின் முனையாகையால் பசையைக் குடித்துவிடும். முதலில் தண்ணீர் கலந்த மெல்லிய பசையை ஒரு கை பூசி ஊறவிட்டு, அதன் பிறகே கெட்டியான பசையைத் தடவி இணைக்க வேண்டும். இறுக்குவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்: நான்கு மூலைகளிலும் சிறு மரக்கட்டைகளை வைத்து, சுற்றிலும் கயிற்றை வளைத்துக் கட்டி, கயிற்றுக்கும் சட்டத்துக்கும் இடையே ஆப்புகளைச் செருகினால் நாற்புறமும் ஒரே சீராக இறுகும். மூலைவிட்டங்கள் இரண்டையும் நூல் பிடித்து அளந்து, இரண்டும் சமமானால்தான் சட்டம் சதுரமாக நிற்கிறது என்று கொள்ளலாம். பசை காய்ந்தபின், ஒவ்வொரு மூலையிலும் வெளிப்புறத்திலிருந்து குறுக்கே வாளால் ஒரு பிளவு வெட்டி, அதில் மெல்லிய மரச்சக்கையைப் பசையோடு செருகி அறைந்து, மிச்சத்தை இழைத்துவிட வேண்டும். அல்லது மூங்கில் ஆணியை மூலையில் குறுக்காக இறக்கலாம். இவ்விரண்டில் ஒன்றைச் செய்யாமல் பசையை மட்டும் நம்பினால் மூலை காரைக்கால் கடற்காற்றில் இரண்டு மழைக்குக்கூடத் தாங்காது. இரும்பாணி எக்காரணத்தைக் கொண்டும் வேண்டாம்; உப்புக்காற்றில் அது துருவேறிப் பருத்து மரத்தைப் பிளக்கும், தேக்கோடு சேர்ந்து கருங்கறையும் உண்டாக்கும். ஆணியோ திருகாணியோ அவசியமான இடத்தில் பித்தளையே உதவும்.

அலங்காரத்துக்கு இப்போது வருவோம். கடைகளில் செட்டிநாட்டுச் சட்டம் என்ற பெயரில் விற்கிற, கொடியும் பூவும் செறிந்த அகலமான தேக்குச் சட்டத்தைப் பார்த்துப் பழகியவர்கள், எல்லாச் சித்திரத்துக்கும் அதுவே சிறப்பு என்று நம்பிவிடுகிறார்கள். பொன்னும் கற்களும் நிறைந்து, மண்டபமும் திரையும் தூண்களும் தன்னுள்ளேயே கொண்டிருக்கிற தஞ்சாவூர்ப் படத்தில் அலங்காரத்துக்குக் குறைவேயில்லை; அதைச் சுற்றிப் பின்னும் பொன்னிறமான கொடிவேலையைக் கொட்டினால் ஒன்றோடு ஒன்று போட்டியிட்டு, நடுவில் வீற்றிருக்கும் பாலகிருஷ்ணன் காணாமற்போய்விடுவான். அதற்கு வேண்டியது, கருமை தோய்ந்த தேக்கில் நிதானமான ஒரு சட்டமும், உள்விளிம்பில் பொன் தீட்டிய ஒரு மெல்லிய கோடும். மாறாக, வண்ணமோ பொன்னோ இல்லாத வாகைமரப் புடைப்புச் சிற்பத்துக்குச் செதுக்குவேலை நிறைந்த சட்டம் மிகவும் அழகு செய்யும்; ஆயினும் சட்டத்தின் செதுக்கு சிற்பத்தின் செதுக்கைவிட ஆழம் குறைந்திருக்க வேண்டும். சிற்பம் 15 மில்லிமீட்டர் மேடாக எழுந்தால், சட்டத்தின் கொடி 3 அல்லது 4 மில்லிமீட்டர் எழுந்தால் போதும். சட்டத்தின் உள்விளிம்பைச் சிற்பத்தை நோக்கிச் சாய்வாக இழைத்துவிட வேண்டும். செங்குத்தாக விட்டால், ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் வருகிற வெளிச்சத்தைச் சட்டமே மறித்து, சிற்பத்தின் ஒரு பாதியை இருளில் ஆழ்த்தும்.

காரைக்கால் அம்மையாரின் சிறு உருவத்துக்குச் சட்டம் அமைப்பது இந்தக் கலையில் ஒரு பரீட்சை என்றே நான் கருதுகிறேன். அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அம்மையார் மட்டும் அமர்ந்த திருக்கோலத்தில் காட்சி தருகிறார். சதை வற்றி விலா எலும்பு தெரிகிற மேனியும், கையில் தாளமும், இறைவனின் கூத்தில் லயித்த முகமுமாகச் சோழர் காலத்துச் சிற்பிகள் அவரை வடித்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் திருவடிக்கருகே ஒரு மூலையில் அவர் அமர்ந்து தாளமிடுவதைக் கண்டவர்கள், அந்தச் சிறிய உருவத்தைச் சுற்றியுள்ள வெறுமை எவ்வளவு பேசுகிறது என்பதை மறக்கமாட்டார்கள். உலக அழகு அனைத்தையும் வேண்டாமென்று உதறிப் பேயுருவை விரும்பி ஏற்ற ஒருவருக்கு, பூமாலையும் மயிலும் யாளியும் நிறைந்த சட்டத்தைச் சூட்டுவது பக்தியின் காரியமாகாது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத பூவரசுச் சட்டம். அதில் செதுக்கு எதுவும் வேண்டாம். உருவத்துக்கும் சட்டத்துக்கும் இடையே நாற்புறமும் மூன்று விரற்கடை அளவுக்கு வெறும் பலகை. வேண்டுமானால் மேற்கையின் நடுவில் மாத்திரம் ஒரு மாங்கனி. ஆனிப் பௌர்ணமியில் பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாம்பழங்களை வாரி இறைக்கிற மாங்கனித் திருவிழாவைக் கண்ட ஊர்க்காரர்களுக்கு அந்த ஒரு கனியே போதும்.

மற்றத் தெய்வ உருவங்களுக்குத் திருவாசி வடிவில் மேல்வளைவு கொண்ட சட்டம் மிக்க எழில் தரும். உற்சவ மூர்த்தியின் பின்னே விளங்கும் பிரபைதான் நம் நாட்டில் சட்டத்துக்கு மூலமான வடிவம் என்று சொன்னால் மிகையாகாது. இரு பக்கமும் தூணும், மேலே மகர முகங்களிலிருந்து எழும் சுடர்களும், உச்சியில் கீர்த்திமுகமும் என்னும் அந்த அமைப்பு எத்தனை சிறிதாக்கினாலும் கம்பீரம் குறைவதில்லை. இதைச் செய்யும்போது வளைவு முழுவதையும் ஒரே பலகையில் அறுத்துவிடாதீர்கள். வளைவின் ஏதாவதோர் இடத்தில் நார் கைக்குக் குறுக்காக வந்து, சிறு அடி பட்டாலும் அங்கே ஒடிந்துவிடும். வளைவை மூன்று துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நார் வளைவை ஒட்டியே ஓடும்படி அமைத்து, கழுந்தும் துளையுமாக இணைத்தபின் வடிவத்தை அறுத்தெடுக்க வேண்டும். அரபு எழுத்துப் பலகைக்கு உயிருருவங்கள் ஆகா. கொடியும் இலையும், எட்டு முனை நட்சத்திரமும் அதற்கு இசையும்.

செதுக்கும் முறையில் ஒரு நுட்பம்: நேராக ஓடுகிற கொடியை நான்கு கைகளிலும் இணைப்பதற்குமுன்பே நகவுளியால் செதுக்கிக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு கையின் இரு முனைகளிலும் இரண்டங்குலம் வெறுமையாக விட்டுவைத்து, மூலைகள் ஒட்டிக் காய்ந்தபின் அந்த இடத்தில் ஒரு முழு இலையோ தாமரையோ இணைப்பின்மேல் படரும்படி செதுக்க வேண்டும். இணைப்புக்கு முன்னமே மூலைகளையும் முடித்துவிட்டால், இலையின் இரு பாதிகள் ஒன்றோடொன்று ஒருபோதும் சரியாகச் சேர்வதில்லை.

சித்திரத்தைச் சட்டத்தில் நிறுத்தும் வேலை எளியது. பலகைப் படமானால், படியில் மெல்லிய பருத்தித் துணிநாடாவை ஒட்டி அதன்மேல் படத்தை வைத்து, பின்புறம் சட்டத்தில் மட்டும் திருகாணி இறங்கும்படி பித்தளைத் தகட்டுத் துண்டுகளைத் திருப்பிவிட்டு, அவை பலகையை மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பலகையில் எதையும் முடுக்கக் கூடாது. விளிம்புவரை செதுக்கியிருக்கிற புடைப்புச் சிற்பத்தின் ஓரத்தைச் சட்டத்தால் மூடுவது அபசாரமாகையால், அதைப் பின்பலகை ஒன்றின்மேல் மிதக்கவிடுவதே முறை. பின்பலகையின் நடுவில் ஒரு வட்டத் துளையும், அதற்கு இடமும் வலமும் நாருக்குக் குறுக்கான திசையில் நீண்ட துளைகளும் இட்டு, பின்னிருந்து சிற்பத்துக்குள் பித்தளைத் திருகாணிகளை இறக்கினால், நடுவாணி சிற்பத்தை நிலைநிறுத்தும். நீண்ட துளைகளில் உள்ள ஆணிகள் மரத்தோடு கூடவே நகர்ந்துகொடுக்கும். பழைய சிற்பத்துக்கு இதையும் செய்யலாகாது. கீழே தாங்கும் மரமுளைகளும் மேலே துணி சுற்றிய பித்தளைக் கொக்கிகளுமே அதற்கு ஏற்றவை.

கண்ணாடி வேண்டுமா என்ற கேள்விக்கு, புடைப்புச் சிற்பத்துக்கு வேண்டாம், பொன்வேலை செய்த படத்துக்கு வேண்டும் என்பது சுருக்கமான விடை. கண்ணாடி பொன்தகட்டையோ மக்கு வேலையையோ தொடவே கூடாது. மழைக்காலத்து ஈரம் கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து, தொடுகிற இடத்தில் வண்ணத்தைப் பற்றிக்கொண்டுவிடும். மேடான பகுதியின் உச்சிக்கும் கண்ணாடிக்கும் இடையே குறைந்தது 5 மில்லிமீட்டர் இருக்கும்படி, படிக்குள்ளேயே மெல்லிய மரச்சக்கைகளை நாற்புறமும் ஒட்டிக்கொள்ள வேண்டும். பின்புறத்தை ஒட்டுக்காகிதத்தால் காற்றுப்புகாமல் மூடிவிடும் கடைவழக்கம் நம் ஊருக்கு ஒவ்வாது. உள்ளே அடைபட்ட ஈரமும், படத்தின் பசையும் இராமபாணப் பூச்சிக்கு விருந்தாகிவிடும். பின்மூடி போட்டால் அதன் மேலும் கீழும் சிறு துளைகள் இட்டு, நெருங்கிய பித்தளை வலையால் அவற்றை மறைத்துவிட வேண்டும்.

மெருகிடுவதற்கு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சுப்பொதியால் மெல்லிய கைகளாகப் பல தடவை தேய்க்கும் முறை சிறு சட்டத்துக்கு மிக ஏற்றது. ஆனால் மழைநாளில் அதைச் செய்தால் பூச்சு வெண்மை பூத்துவிடும், வெயில் ஏறிய முற்பகலில்தான் செய்ய வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பவர்கள், தேய்த்த கந்தலைச் சுருட்டிப் பட்டறை மூலையில் போடாமல், விரித்துத் திறந்தவெளியில் உலர்த்தவோ தண்ணீரில் அமிழ்த்தவோ வேண்டும். சுருண்டு கிடக்கிற எண்ணெய்க் கந்தல் தானாகவே சூடேறித் தீப்பற்றும். எந்தப் பூச்சானாலும், சட்டத்தின் முன்புறத்தில் எத்தனை கை பூசுகிறீர்களோ அத்தனை கை பின்புறத்திலும் படியின் உள்ளும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிய மரம் ஈரத்தைப் பூசாத பக்கத்தின் வழியே வாங்கி வளைந்துகொள்ளும். மலிவான பொன்னிறத் தாள் பித்தளைக் கலப்பாகையால் கடற்காற்றில் சில காலத்திலேயே பச்சையும் கறுப்பும் அடையும்; பொன்கோடு வேண்டுமென்றால் உண்மையான பொன்தகட்டையே உபயோகிக்க வேண்டும், இயலாவிட்டால் கோடே இல்லாமல் விடுவது நன்று.

மாட்டும் இடத்தைத் தேர்வதும் சட்டக்காரரின் பொறுப்பில் சேர்ந்ததே. வாடைக்காற்றோடு வருகிற மழை வடக்கு, கிழக்கு வெளிச்சுவர்களை நனைத்து உள்ளே ஈரம் கசியச் செய்கிறபடியால், அச்சுவர்களில் மரச்சித்திரம் வேண்டாம். அடுக்களையை ஒட்டிய சுவரும், விளக்கின் புகை நேரே ஏறுகிற இடமும் ஆகா. வீட்டின் நடுவே உள்ள உட்சுவரே சிறந்தது. சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள மரத்துண்டுகளை ஒட்டிவிட்டால், சட்டம் சுவரைத் தொடாமல் பின்னால் காற்று உலவும். கறையான் சுவர்வழியே ஏறினாலும் அதன் மண்தடம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆண்டுதோறும் பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது சட்டத்தை இறக்கி, பின்புறத்தைப் பார்த்து, தளர்ந்த பித்தளைத் தகடுகளைத் திருப்பிவைத்து, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, சுண்ணாம்பு ஈரம் முற்றிலும் காய்ந்த பிறகே திரும்ப மாட்ட வேண்டும். பொன்வேலையின்மேல் ஈரத்துணி படவே கூடாது.